இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள் மூட்டம் படர்ந்தால் செய்யக் கூடாதவை

சென்ற ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேஷியாவில் எங்கள் வீட்டு ஜன்னலின் கீழ் மூலையில் சாம்பல் நிற மூட்டம் படர்ந்திருந்தது. அம்மா உள்ளேயும் வெளியேயும் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. இப்படி இரு பக்கமும் துடைத்தும் போகாத ஈரமே பழுதின் அடையாளம். அறைப்பக்கம் மட்டும் வியர்த்தால் காற்றோட்டம்தான் குறைவு. அதற்காகக் கண்ணாடியை மாற்றுவது வீண் செலவு.

இரு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்தும் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். ஓரத்து அடைப்பு விட்டுப்போனாலும் அந்த மணிகள் ஈரத்தால் நிறையும்வரை வெளியே எதுவும் தெரியாது. ஆகவே துளையிட்டு உலர்த்தித் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம்: பார்வை சில காலம் தெளியலாம், ஆனால் அடைப்பு சரியாவதில்லை.

ஜன்னல் சட்டம் உறுதியாக இருந்தால் அதைப் பெயர்க்கவும் தேவையில்லை. கண்ணாடி அடுக்கை மட்டும் மாற்றலாம். ஆனால் அடைப்பு ஏன் விட்டது என்று பாராமல் மாற்றுவதே பெரிய தவறு என்பேன். எங்கள் ஜன்னலில் கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் ஓரப்பட்டையான பீடிங்கைக் கழற்றியபோது, நீர் வடியும் துளைகளைப் பழைய பெயின்ட் அடைத்திருந்தது. தேங்கிய நீரில் அடைப்பின் கீழ்விளிம்பு ஊறி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. துளைகளைத் திறக்காமல் புதியதைப் பொருத்தியிருந்தால் அதற்கும் அதே கதிதான். காடி வாடை அடிக்கும் சிலிக்கோன் பசையும் அந்த அடைப்பைக் கெடுக்கும்.

கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் அளக்காதீர்கள். பீடிங்குக்குள் மறைந்திருக்கும் விளிம்பையும், மொத்தத் தடிமனையும் சேர்த்து அளக்க வேண்டும். சூடாக்கிக் கடினமாக்கிய டஃப்பன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்டிச் சிறிதாக்க முடியாது.

இங்குள்ளோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உயரம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் உள்ளதால், காற்றழுத்தம் கடலோர நகரான டர்பனைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் அடைத்த அடுக்கை அப்படியே மேலே கொண்டுவந்தால், உள்ளிருக்கும் காற்று கண்ணாடிகளை வெளிப்புறமாக உப்பச் செய்து முதல் நாளிலிருந்தே அடைப்பை இழுக்கும். எந்த ஊரில் பொருத்தப் போகிறோம் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லி, அழுத்தத்தைச் சமப்படுத்தும் மெல்லிய குழாய் வைத்துத் தருவார்களா என்று கேளுங்கள்.

வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியைத் திருப்பிப் பொருத்திவிடுவதும் உண்டு. பழையதைக் கழற்றுமுன் இருட்டில் ஓர் அகல் விளக்கை அதன் அருகே பிடித்தால் சுடர் நான்காகத் தெரியும். அவற்றில் நிறம் மாறித் தெரிவது எத்தனையாவது என்று குறித்துக்கொண்டு, புதியதிலும் அதே வரிசை வருகிறதா என்று பீடிங்கை அடிக்குமுன் பாருங்கள்.