ரத்தம் ஏற்றும்போது நடக்கும் தவறுகள்: கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

"ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்."

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் இதைக் கேட்கலாம். நடவுக்கும் களை பறிக்கவும் போகிற அம்மாக்கள் முகம் வெளுத்து, மூச்சு வாங்கி வந்து நிற்கும்போது வீட்டார் இப்படிக் கேட்பது பாசத்தால்தான். ஆனால் ரத்தம் டானிக் இல்லை. பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காதபோதும், விபத்தில் அடிபட்டு ரத்தம் கொட்டும்போதும் உயிரைப் பிடித்து நிறுத்துவது அதுதான். தேவை இல்லாத இடத்தில் ஏற்றினால் பலன் கொஞ்சம், ஆபத்து மட்டும் முழுசாக இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு யூனிட், அதாவது ஒரு பை, சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் கூடும், அவ்வளவுதான். ரத்தப்போக்கு இல்லாமல் நிலையாக இருக்கும் நோயாளிக்குப் பொதுவாக 7 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த அளவு 8. கர்ப்பிணிகளுக்கு எத்தனையாவது மாதம், பிரசவம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து டாக்டர் முடிவு செய்வார். 9 கிராம் இருக்கிற அம்மாவுக்கு "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஏற்றச் சொல்வது சரியில்லை.

அந்த அம்மாவுக்கு ரத்தம் ஏன் குறைந்தது என்று கேட்பதுதான் முதல் வேலை. மாதவிடாயில் அதிகப் போக்கு இருக்கலாம். சாப்பாட்டில் இரும்புச்சத்து போதாமல் இருக்கலாம். வயல்வேலை செய்பவர்களிடம் கொக்கிப்புழுவையும் மறக்கக் கூடாது. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது அது தோல் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். புழு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுக்காமல் ரத்தத்தை மட்டும் ஏற்றி அனுப்பினால் சில மாதங்களில் அதே ஆள் அதே வெளுப்போடு திரும்பி வருவார். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு ஊசி மருந்து இருக்கிறது.

மழைக்காலத்தில் இன்னொரு பதற்றம் வரும். டெங்குவில் தட்டணு (பிளேட்லெட்) 40,000 என்று ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஆள் தேட ஆரம்பித்துவிடுகிறோம். ரத்தக்கசிவு இல்லாதவருக்குத் தட்டணு 10,000 அளவுக்கு இறங்கும்வரை பொதுவாக ஏற்ற வேண்டியிருக்காது. டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதால் வருகிறது. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கைகால் சில்லிட்டுப்போவது ஆகியவற்றைக் கவனியுங்கள். பாம்புக்கடியிலும் இப்படித்தான். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அப்போது முதலில் போக வேண்டியது விஷமுறிவு மருந்து. அது இல்லாமல் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மட்டும் ஏற்றினால் உள்ளே இருக்கிற விஷம் அதையும் தின்றுவிடும்.

சொந்தக்காரர் ரத்தம் என்றால் பாதுகாப்பா?

இது நம் பக்கத்தில் ஆழமாக வேரோடிய நம்பிக்கை. "தம்பி ரத்தமே ஏத்துங்க, வெளி ஆள் ரத்தம் வேண்டாம்" என்பார்கள். உண்மை நேர் எதிர். அப்பா, அம்மா, பிள்ளை, உடன்பிறந்தவர் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் வாங்குபவரின் உடம்புக்கு அந்நியமாகவே தெரியாமல் போகலாம். உடம்பு அவற்றை அழிக்காமல் விட்டுவிடும். அவை அங்கேயே பெருகி வாங்கியவரின் தோல், குடல், ஈரல், எலும்பு மஜ்ஜை என்று எல்லாவற்றையும் தாக்கும். அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் மரபணு ஒற்றுமை இன்னும் அதிகம் என்பதால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உறவினர் ரத்தம் தவிர வேறு வழியே இல்லை என்றால் கதிர்வீச்சு கொடுத்து வெள்ளையணுக்களைச் செயலிழக்கச் செய்த பிறகே ஏற்ற வேண்டும்.

கணவன் ரத்தத்தை மனைவிக்கு ஏற்றுவதும், குழந்தை பெறும் வயதில், தவிர்க்க வேண்டியது. கணவனின் அணுக்களுக்கு எதிராக அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள், பின்னால் வயிற்றில் வளரும் குழந்தையின் ரத்தத்தைத் தாக்கக்கூடும். உறவினர் தாராளமாக ரத்தம் கொடுக்கலாம். அது ரத்த வங்கிக்குப் போகட்டும், அதற்குப் பதிலாக வேறொருவர் ரத்தத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடுக்க வருகிறவரை வற்புறுத்தாதீர்கள். ஊர் முன்னால் மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, போன மாதம் வந்த காய்ச்சலையும் பழைய மஞ்சள்காமாலையையும் மறைத்துவிட்டுப் படுக்கிற பையன்கள் உண்டு. ஒவ்வொரு பையிலும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்தையும் பரிசோதிப்பது கட்டாயம்தான். இருந்தாலும் கிருமி தொற்றிய தொடக்க நாட்களில் பரிசோதனையில் தெரியாத ஒரு இடைவெளி இருக்கிறது. அங்கே கொடுப்பவரின் நேர்மை மட்டுமே காப்பு. பணத்துக்கு ரத்தம் கொடுப்பதை இந்தியாவில் 1998 ஜனவரி 1 முதல் தடை செய்ததற்கும் இதுதான் காரணம்.

பெயரில் வரும் ஆபத்து

நோய்த்தொற்றைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறோம். ஆள் மாறிப்போவதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. பிரிவு சேராத ரத்தம் ஏறி நடக்கும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது மாதிரி ரத்தம் எடுத்த குழாயில் தவறாக ஒட்டிய பெயர், அல்லது பக்கத்துக் கட்டிலுக்குப் போக வேண்டிய பை. ஒரே வார்டில் இரண்டு கலைச்செல்வி இருப்பது நம் ஊரில் அதிசயமா என்ன? இனிஷியலும் ஒன்றாக இருந்துவிட்டால் முடிந்தது கதை.

அதனால் மாதிரி ரத்தம் எடுக்கும்போதே, கட்டில் பக்கத்திலேயே, குழாயில் பெயரும் உள்நோயாளி எண்ணும் எழுதுகிறார்களா என்று பாருங்கள். பை வந்ததும் "நீங்க கலைச்செல்விதானே?" என்று யாராவது கேட்டால், அரைமயக்கத்தில் இருக்கிற யாரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "உங்க பேர் என்னம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டு அவர் வாயால் வர வேண்டும். நோயாளியால் பேச முடியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். பெயர், எண், ரத்தப் பிரிவு, காலாவதித் தேதி நான்கையும் பையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒப்பிடச் சொல்லி, "சிஸ்டர், ஒரு தடவை சேர்ந்து பாத்துரலாமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல நர்ஸ் அதை வரவேற்பார். வீட்டில் யாரோ சொன்ன பிரிவையும் பழைய கார்டில் இருப்பதையும் நம்பி ஏற்றவே கூடாது. ஒவ்வொரு முறையும் பிரிவு பார்த்து, அந்தப் பை ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு சேருமா என்ற பொருத்தமும் பார்க்க வேண்டும். முன்பு ரத்தம் ஏற்றியிருந்தாலும், கர்ப்பமாகி இருந்தாலும், கலைந்திருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். எதிர்ப்பொருள் உருவாகியிருக்க வாய்ப்புண்டு.

சின்ன நர்சிங் ஹோமிலிருந்து கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ ஆள் அனுப்பிப் பை வாங்கிவரச் சொல்வது டெல்டாவில் சாதாரணம். துணிப்பையில் போட்டு, வழியில் டீ குடித்துவிட்டு வருவது கூடாது. சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். குளிர்பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும், பையின் மேல் ஐஸ் நேராகப் படவும் கூடாது. உறைந்த சிவப்பணு உடைந்துபோகும். வார்டுக்கு வந்த பையை அரைமணி நேரத்துக்குள் ஏற்ற ஆரம்பித்து, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் போடுவது, வெயிலில் வைப்பது, அக்குளில் இடுக்குவது எல்லாம் விபரீதம். ரத்தம் ஏறும் அதே குழாயில் குளுக்கோஸோ வேறு மருந்தோ சேர்க்கக் கூடாது. சாதாரண உப்புநீர் சலைன் மட்டும் சேரும்.

முதல் 15 நிமிடம்

மோசமான எதிர்வினைகள் பலவும் ஆரம்பத்திலேயே முகம் காட்டிவிடும். அந்தக் கால்மணி நேரம் கட்டிலை விட்டு நகராதீர்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், தோலில் தடிப்பும் அரிப்பும், முதுகிலோ விலாவிலோ வலி, ஊசி போட்ட நரம்பில் எரிச்சல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், சிறுநீர் காபி நிறத்தில் போவது, "என்னமோ பண்ணுதுப்பா" என்ற காரணம் தெரியாத பயம். இதில் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிட்டு ரத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். போர்வையைப் போர்த்திவிட்டுக் காத்திருக்காதீர்கள். வெறும் தடிப்பாக இருந்து மருந்தில் அடங்கினால் டாக்டர் தொடரச் சொல்லலாம். அதை முடிவு செய்வது அவர் வேலை. நிறுத்திய பையைத் தூக்கிப் போடாமல் ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். என்ன நடந்தது என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

வயதானவர்கள், இதயம் பலவீனமானவர்கள், ரொம்ப நாள் ரத்தசோகையில் இருந்தவர்கள் விஷயத்தில் வேகம் பெரிய எதிரி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று குழாயின் சக்கரத்தை நாமே திருகிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால் அதுதான் அறிகுறி.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் கண்காணிப்பு வேண்டும். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, ஏற்றிய ரத்தம் எங்கே போனதென்று தெரியாமல் ஹீமோகுளோபின் மறுபடி இறங்குவது போன்றவை தாமதமாக வரும் எதிர்வினையின் அடையாளம். இதைக் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி கொடுத்துக்கொண்டு இருக்காமல், ரத்தம் ஏற்றிய தேதியைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். எதிர்வினை வந்திருந்தால் அதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கி, அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அந்தச் சீட்டைக் கொடுங்கள்.