படகில் கார்பெட்டை எடுத்துவிட்டு வினைல் போட்டேன்

அமெரிக்காவின் மின்னசோட்டா ஏரிகளில் மீன்பிடிக்க வைத்திருக்கும் 16 அடி அலுமினியப் படகில், முன்தளத்தில் கால் வைத்தால் பலகை அமுங்கியது. கார்பெட்டைக் கிழித்துப் பார்த்தேன். அடியில் ஈரம் தங்கி, திருகு ஓட்டைகளைச் சுற்றி பிளைவுட் கறுத்து, நகத்தால் கிள்ளினாலே பிய்ந்து வந்தது.

புதுப் பலகைக்கு, படகுக்கென்றே செய்யும் மெரைன் பிளைவுட் வாங்கினேன். மரம் அழுகாமலிருக்க செம்பு கலந்த மருந்து ஏற்றிய பிளைவுட், ஈரத்தோடு அலுமினியத்தில் பட்டால் அலுமினியத்தை அரித்துவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள். வெட்டிய ஓரங்களுக்கும் திருகு ஓட்டைகளுக்கும் எபாக்ஸி பிசின் பூச்சு கட்டாயம். தண்ணீர் அங்கேதான் நுழையும்.

அப்புறம் விரிப்பு. கார்பெட் காலுக்கு இதம், சத்தமும் அடங்கும். ஆனால் சீக்கிரம் காயாது, தூண்டில் முள் மாட்டும். ஈவிஏ ஃபோம் (ரப்பர் போன்ற நுரை விரிப்பு) மெத்தென்று இருக்கும், அடர்நிறமானால் வெயிலில் சுடும். நான் சொரசொரப்பான சாம்பல்நிற வினைல் (பிளாஸ்டிக் விரிப்பு) ஒட்டினேன். மீன் ரத்தம் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடுகிறது.