வகுப்பறைக் காற்றாலை: சுற்றினால் போதாது, எல்இடி எரிய வேண்டும்

வகுப்பில் செய்யும் காற்றாலை பெரும்பாலும் சுற்றிவிடும், விளக்குதான் எரியாது. கோளாறு காற்றில் இல்லை, இறக்கை சுழற்ற மின்சாரம் தரும் மோட்டாரில். 3 வோல்ட்டில் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும் பொம்மை கார் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். டேபிள் ஃபேன் காற்றில் அது 500 சுற்று சுற்றினால், அதே விகிதத்தில் கிடைப்பது 0.15 வோல்ட். சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட் வேண்டும். அதனால் 12 வோல்ட், 2,000 சுற்று அளவிலான டிசி மோட்டாராகத் தேடுங்கள். பழைய இங்க்ஜெட் பிரின்டரிலும் இது போன்றது கிடைக்கும். இரண்டு ஒயர் இருந்தால் டிசி. நான்கைந்து இருந்தால் ஸ்டெப்பர் என்ற வேறு வகை மோட்டார், அதை விட்டுவிடுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அச்சை விரலால் சுண்டுங்கள். அரை வோல்ட்டாவது துள்ள வேண்டும்.

இறக்கைகளைத் தாங்க வேதியியல் ஆய்வகத்து ரப்பர் தக்கையே போதும். அச்சைவிடக் கொஞ்சம் சின்னதாக நடுவில் துளையிட்டு இறுக்கிச் செருகுங்கள். துளை மையம் தவறினால் மொத்தமும் ஆடும். தக்கையின் சுற்றளவுக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, மூன்றாக மடித்து, மீண்டும் தக்கையில் சுற்றினால், இரண்டு மடிப்பிலும் முனைகள் சேரும் இடத்திலுமாக மூன்று இறக்கைக்கும் இடம் துல்லியமாகக் கிடைத்துவிடும். அங்கே மூங்கில் குச்சிகளைக் குத்தி, ஃபைல் அட்டையில் 15 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் வெட்டிய இறக்கைகளை டேப்பால் ஒட்டுங்கள். ஆறு வைத்தால் சுலபமாகக் கிளம்பும், ஆனால் வேகம் குறையும். நமக்கு வேகம்தான் முக்கியம். கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளும் பெரும்பாலும் மூன்றிறக்கைதான்.

மாணவர்கள் இறக்கையை 45 டிகிரி சாய்த்துவிடுவார்கள். கிளம்பும், வேகம் எடுக்காது. சுழலும் தளத்திலிருந்து 20 டிகிரியில் தொடங்கி, குச்சியைத் திருகி 15, 10 என்று குறைத்து வோல்ட்டைக் குறித்துவரச் சொல்லுங்கள். ரொம்பக் குறைத்தால் கிளம்பவே கிளம்பாது. மூன்றும் ஒரே பக்கம், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். சரியான கோணம் கிடைத்த பிறகே ஃபெவிகுவிக் ஒரு சொட்டு.

மோட்டாரை அரை அங்குல பிவிசி பைப்பின் உச்சியில் கேபிள் டை போட்டுக் கட்டி, பைப்பைப் பலகையில் நிறுத்துங்கள். ஃபேனுக்கு நேர் எதிரே, ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். சுற்றும்போது யாரும் பக்கவாட்டில் நிற்கக் கூடாது. குச்சி கழன்றால் அந்தத் திசையில்தான் பறக்கும்.

மோட்டாரின் இரண்டு ஒயரிலும் எல்இடியின் இரண்டு கால்களை இணையுங்கள். எரியவில்லையா? கால்களை மாற்றிப் போடுங்கள். சுற்றும் திசை மாறினால் பிளஸ், மைனஸும் மாறும். எல்இடி எரியும்போது மீட்டர் 3 வோல்ட்டிலிருந்து 2க்கு இறங்கினால் பழுதல்ல: மின்னோட்டம் பாய்ந்ததும் மோட்டார் கனத்து, இறக்கையும் கொஞ்சம் மந்தமாகிறது.