ஓய்வு தேடி மலையேறி வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

நான் பண்டாரவளையில் பிறந்து வளர்ந்தவள். யோகா, தியானம், எண்ணெய்ச் சிகிச்சை என்று கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் பலர் எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுத்தான் முகாமுக்குப் போவார்கள். திரும்பும்போது சிலருக்கு முகம் தெளிந்திருக்கும். சிலர் போனபோது இருந்ததைவிடக் களைத்து வருவார்கள். இடத்தில் குறை இருப்பதும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை, வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தவறு நடந்துவிடுகிறது.

என்னை அதிகம் பயமுறுத்துவது மருந்து விஷயம். நீரிழிவுக்குக் குளிசை போடும் என் சின்னம்மா ஒரு முறை நான்கு நாள் முகாமுக்கு வந்தார். பதிவுப் படிவத்தில் நோய் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். அங்கிருந்தவர்களும் துருவிக் கேட்கவில்லை. இரண்டாம் நாள் காலை வழக்கமான குளிசையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் கொடுத்த இலைக்கஞ்சியை மட்டும் குடித்துவிட்டு யோகாவுக்குப் போய் உட்கார்ந்தார். பத்து மணியளவில் உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல். பக்கத்தில் இருந்த ஒருவர் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் தப்பினார். நீரிழிவுக் குளிசைகளில் சில, சாப்பாடு குறைந்தால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “இயற்கை வைத்தியம்தானே செய்யப்போகிறோம், இங்கிலீஷ் மருந்து எதற்கு” என்று பிரஷர் குளிசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் டொக்டரிடம் முகாமின் சாப்பாட்டு முறையைச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுவாருங்கள். கர்ப்பம், அண்மையில் செய்த சத்திரசிகிச்சை, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை, மனஅழுத்தத்துக்கு எடுக்கும் மருந்து எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அவசரமென்றால் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் மலைப்பாதையில் அது வந்துசேர நேரம் எடுக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது, சனி ஞாயிறில் பஞ்சகர்மா. வமனம் (வாந்தி எடுக்க வைப்பது), விரேசனம் (பேதி போக வைப்பது), வஸ்தி (எனிமா), நஸ்யம் (மூக்கில் மருந்து விடுவது), இரத்தமோட்சணம் (இரத்தம் வெளியேற்றுவது) என்ற ஐந்து ஆயுர்வேதச் சிகிச்சைகளும் சேர்ந்ததுதான் பஞ்சகர்மா. ஆளைப் பரிசோதித்து, அவருக்கு எது தேவையோ அதை மட்டும் செய்வார்கள். அதற்கு முன்னால் சில நாட்கள் எண்ணெய் கொடுத்து, வியர்க்க வைத்து, உடம்பைப் பதப்படுத்த வேண்டும். பின்னால் பத்தியச் சாப்பாடு. இதெல்லாம் இரண்டு நாளில் அடங்காது. அந்த இரண்டு நாளில் கிடைப்பது எண்ணெய் தேய்ப்பும் ஆவிக் குளியலும்தான். அதுவும் சுகமானதுதான், அதற்குரிய காசை மட்டும் கொடுங்கள். சிகிச்சை என்றால், பார்க்கப்போகிறவர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்த வைத்தியரா என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார்.

தியான முகாமை விடுமுறை விடுதி என்று நினைத்துப் போகிறவர்களும் உண்டு. பேராதனைக்குப் பக்கத்தில் ஹிந்தகலையில் நடக்கும் 10 நாள் விபாசனா முகாமுக்கு, அதாவது மூச்சையும் உடம்பின் உணர்வுகளையும் கவனிக்கும் தியான முகாமுக்கு, கட்டணமே கிடையாது. ஆனால் காலை 4 மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் அளவில் தியானம், பேச்சில்லை, போனில்லை, இரவுச் சாப்பாடும் இல்லை. அதற்கென்று மனதைத் தயார் செய்துகொண்டு போனவர்களுக்கு அது பெரிய வரம். தூங்கி எழும்பலாம் என்று போனவர்கள் மூன்றாம் நாளே பையைக் கட்டுகிறார்கள்.

சரி, எப்போது வருவது? மலைநாட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும். எங்கள் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் அந்த நாட்களில் பெரும்பாலும் மழையில்லாத வறட்சி. எங்களுக்கு டிசம்பர், ஜனவரியில்தான் வடகீழ் மழை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மாலை மழை, இடி, மின்னல். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்த மாதங்களில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தும் கேட்கலாம். எச்சரிக்கை இருந்தால், கட்டிய முற்பணம் போனாலும் பரவாயில்லை, வராதீர்கள். ஏப்ரலில் நுவரெலியாவுக்கு அமைதி தேடி வருவதும் வீண். அது அங்கே வசந்தகாலக் கொண்டாட்டம், ரோட்டில் நடக்கவே இடமிருக்காது.

குளிரையும் ஊருக்கு ஊர் பார்க்க வேண்டும். கண்டி 500 மீற்றர் உயரம்தான். நுவரெலியா 1,868 மீற்றர், ஜனவரி, பெப்ரவரியில் அங்கே விடியற்காலை புல்லில் உறைபனி படியும் நாட்கள் உண்டு. அங்கே போய் பின்னேரத்தில் தலைக்கு எண்ணெய் ஊற்றி, குளித்து, ஈரத் தலையோடு வெளியில் நின்றால் குளிரில் நடுங்கித்தான் போவீர்கள். தலைச் சிகிச்சையைக் காலையிலேயே கேட்டு வாங்குங்கள், கம்பளித் தொப்பி ஒன்றும் கொண்டுவாருங்கள்.

பனிமூட்டத்தில் தேயிலைக்குள் தனியாக நடக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து விடிய முன்னும் இருட்டின பிறகும் வேண்டாம், தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது. அதைவிட நாங்கள் பயப்படுவது குளவிக்கு. கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி உயிரையே இழந்த அம்மாமார் இருக்கிறார்கள். எந்த மரத்தில் கூடு தொங்குகிறது, எந்த மலையில் இன்று மருந்து அடிக்கிறார்கள் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், அவர்களிடம் கேட்டுவிட்டு நடங்கள். மழை நாளென்றால் அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்குக் கூலி கிலோக் கணக்கில் பார்க்கப்படுகிறது, உங்களுக்காக நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவர்களுக்கு நஷ்டம்.

மூன்று நாள் முகாமுக்குள் ஒன்பது வளைவுப் பாலம், லிப்டன் சீட், ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு மலைவிளிம்பு என்று சுற்றிப் பார்க்கும் இடங்கள் எல்லாவற்றையும் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். உலக முடிவில் பள்ளத்தாக்கு தெரிய வேண்டுமென்றால் பனி மூடுவதற்கு முன், காலையிலேயே அங்கே நிற்க வேண்டும். அதற்கு நடுச்சாமத்தில் எழும்பினால் அன்றைய சிகிச்சையில் தூங்கித்தான் விழுவீர்கள். அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு பஸ்ஸில் வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி இறங்கி, விடிந்ததும் ஒபிசுக்கு ஓடாமல், திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு போட்டுவிட்டு வாருங்கள். ஞாயிறு ராத்திரி எங்கள் வீட்டிலேயே தூங்கி, காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு பகல் ரயிலில் இறங்கலாம்.