ஐ டிரிபிள் ஈ-யில் சேரும் முன் தேதியைப் பாருங்கள்

காட்பாடி, பாகாயம் பக்கக் கல்லூரிகளில் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது. சீனியர்கள் "ஐ டிரிபிள் ஈ-ல சேருப்பா" என்பார்கள்; அது (IEEE) மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகளாவிய சங்கம். கட்டாயம் சேருங்கள். ஆனால் தேதி பார்த்துச் சேருங்கள்.

அந்தப் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினர் ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை புதிதாகச் சேர்ந்தால் பாதிக் கட்டணம்தான், ஆனால் அந்த டிசம்பரோடு சரி. ஆகஸ்ட் 16-க்குப் பிறகு முழுக் கட்டணம் கட்டிச் சேர்ந்தால் அடுத்த ஆண்டு டிசம்பர் வரை செல்லும். முதலாண்டு மாணவர்களுக்கு இதுவே லாபம்.

கட்டிய பணத்துக்கு 'ஸ்பெக்ட்ரம்' இதழ் கிடைக்கும். என்னைக் கேட்டால், 'எக்ஸ்ட்ரீம்' புரோகிராமிங் போட்டி ஒன்றுக்காகவே சேரலாம். மூன்று பேர் வரை ஓர் அணி, விடாமல் 24 மணி நேரம். வகுப்பறையில் கிடைக்காத பயிற்சி அது. கல்லூரியில் ஐ டிரிபிள் ஈ மாணவர் கிளை இல்லையா? உறுப்பினராக இருக்கும் ஓர் ஆசிரியரை முதலில் பிடியுங்கள், அவர் ஆலோசகராக இருக்கச் சம்மதித்தால் கிளை தொடங்கும் வேலையில் பாதி முடிந்தது.

டிப்ளமோ முடித்து ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு வேறொரு எச்சரிக்கை. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இந்தியா) நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வைப் பட்டத்துக்கு இணையாக ஏற்ற மத்திய அரசின் அங்கீகாரம், 31-5-2013 வரை பதிந்தவர்களுக்கு என்று வரையறுக்கப்பட்டது. இப்போது சேர்வதானால், பதவி உயர்வுக்கு ஏற்பார்களா என்று உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.