பழைய மாருதி 800 ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கார்புரேட்டர் வண்டி ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத்தான். கிட் மாற்று, ஜெட்டை ஊது, மிக்சர் ஸ்க்ரூவைத் திருகு என்று ஆளுக்கொரு யோசனை வரும். பல வண்டிகளில் கோளாறு அங்கே இருக்காது, ஆனால் திருகித் திருகி அதையும் கெடுத்து வைத்திருப்பார்கள். அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: எப்போது ஸ்டார்ட் ஆகவில்லை? காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதா, ஓட்டி நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துச் சூடாக இருக்கும்போதா, அல்லது வாரக்கணக்கில் நின்ற பிறகா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு. இங்கே நான் மனதில் வைத்திருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் மாருதி 800. பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் வழி பெரும்பாலும் இதேதான்.

முதலில் காதைக் கொடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினால் பெட்ரோலையும் பிளக்கையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றல் மந்தமாக இருந்தால் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் பாருங்கள். அந்தப் பட்டையை யாரும் கண்டுகொள்வதே இல்லை. இன்னொன்று, ஸ்டார்ட்டர் மோட்டார் மொத்தக் கரண்ட்டையும் இழுத்துக்கொண்டால் காயிலுக்கு (பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் பாகம்) கிடைக்கும் வோல்ட்டும் குறையும், ஸ்பார்க்கும் பலவீனமாகும். அதனால்தான் பேட்டரிக் கோளாறு பல சமயம் ஸ்பார்க் கோளாறு போலவே வேஷம் போடுகிறது.

சுற்றல் நன்றாக இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அடுத்தது பெட்ரோல் வருகிறதா என்று பார்ப்பது. சாவியை ஆஃப் செய்துவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் இழுங்கள். மெல்லிய கம்பி போல பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் (பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு அறை) பெட்ரோல் இருக்கிறது. ஒன்றும் வரவில்லை என்றால் கிண்ணம் காலி, அல்லது ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் போய்விட்டது. (சில அம்பாசிடர்களில் இருக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரில் இந்தப் பீய்ச்சலே கிடையாது, அதை வைத்துப் பயந்துவிட வேண்டாம்.)

வாரக்கணக்கில் நின்ற வண்டியில் கிண்ணம் காலியாக இருப்பது சகஜம். பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும், ஏசி பம்ப்பின் (எஞ்சின் சுழற்சியில் இயங்கும் பெட்ரோல் பம்ப், ஏர் கண்டிஷனர் அல்ல) வால்வு பிடிக்காமல் லைனில் இருந்ததும் டேங்குக்கே திரும்பியிருக்கும். எஞ்சின் சுற்றினால்தான் அந்தப் பம்ப் வேலை செய்யும், எனவே பத்து வினாடி செல்ஃப், அரை நிமிட ஓய்வு, மறுபடி பத்து வினாடி என்று கொடுத்துப் பாருங்கள். ஒரே ராத்திரி நின்றதற்கே இப்படி ஆனால் பம்ப்பையும் ரப்பர் ஹோஸையும் சந்தேகப்படலாம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகளின் ரப்பர் அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல, ஹோஸ் ஊறி வெடிக்கும், டயாஃப்ரம் விறைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அதனால் அதிகம் ஓடாத வண்டியில் டேங்கை ரொம்ப நாள் பாதியாக விட்டுவைக்காதீர்கள். பாட்டிலில் பெட்ரோல் எடுத்துக் கார்புரேட்டர் வாயில் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொல்லும் பழக்கம் ரோட்டோரத்தில் உண்டு. ஒரு பேக்ஃபயர் போதும், ஊற்றுகிறவர் கையிலேயே நெருப்பு. அதை மட்டும் வேண்டாம்.

காலைப் பிரச்சினை மட்டும் என்றால் முதலில் சோக், அதாவது ஜில்லென்ற எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் தகடு. உள்ளே ஒருவர் நாபை முழுதாக இழுக்கட்டும், மேலே தகடு தொண்டையை முழுதாக மூடுகிறதா என்று நீங்கள் பாருங்கள். கேபிள் தளர்ந்து முக்கால்வாசிதான் மூடும் வண்டிகள் ஏராளம், ஓனருக்கு அது தெரியவே தெரியாது. சென்னை வெயிலில் சமாளித்துவிடும், ஊட்டிக்குப் போன முதல் காலையில் குட்டு உடையும்.

பெட்ரோல் வருகிறது, சோக்கும் மூடுகிறது என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடும். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் எரியவில்லை. காய்ந்து சுத்தமாக இருந்தால் பெட்ரோல் வரவில்லை. கரி அப்பியிருந்தால் மிக்சர் ரிச் (காற்றுக்குப் பெட்ரோல் அதிகம்), அல்லது சோக் திரும்பத் திறக்கவில்லை. எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். அப்புறம் ஸ்பார்க்: பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினில் படும்படி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ரப்பர் கைப்பிடி உள்ள கட்டிங் பிளேயரில் பிடியுங்கள், கார்புரேட்டரிலிருந்தும் பிளக் ஓட்டையிலிருந்தும் தள்ளி, சிந்திய பெட்ரோல் எதுவும் பக்கத்தில் இல்லாமல். நீலமாகப் பட்பட்டென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் (பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) திறந்து, காயிலின் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டைப் பாருங்கள். குழி விழுந்திருக்கும், அல்லது இடைவெளி மாறியிருக்கும். பாயின்ட்டுக்கு 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர், பிளக்குக்கு 0.7 முதல் 0.8. மழை நாளில் மட்டும் தகராறு என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் இருக்கும். இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடவிட்டால் பிளக் ஒயரில் கரண்ட் கசிவது கண்ணுக்கே தெரியும்.

ஒரு விசித்திரமான அறிகுறி உண்டு. செல்ஃப் அடிக்கும் வரை பிடிக்காது, சாவியை விட்ட அந்த நொடியில் டபக்கென்று பிடிக்க முயலும். காயிலுக்கு ரெசிஸ்டர் வைத்த வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் முழு வோல்ட் கொடுக்க ஒரு தனி ஒயர் வரும். அது அறுந்திருந்தால் இப்படித்தான் ஆகும். இதற்குக் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பிரயோஜனம் இல்லை.

நம் ஊரில் அதிகம் படுத்துவது சூட்டில் ஸ்டார்ட் ஆகாததுதான். எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நிற்கும், காற்றும் அடிக்காது, மேனிஃபோல்டின் சூடெல்லாம் மேலே ஏறிக் கார்புரேட்டரில் உட்காரும். கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வடிந்து எஞ்சின் ஓவர்ஃப்ளோ ஆகிவிடும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும். சோக்கைத் தொடாதீர்கள், ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாகத் தரைவரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், இருமிவிட்டுப் பிடிக்கும். தினமும் இதே கதை என்றால் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வு கசிகிறதா, அதை மூடும் மிதவையான ஃப்ளோட்டின் மட்டம் ஏறியிருக்கிறதா, கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த இன்சுலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் வாசனையே இல்லை, பீய்ச்சலும் இல்லை என்றால் கதை நேர் எதிர்: லைனிலோ பம்ப்பிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்து நிற்கிறது. ஏசி பம்ப்பின் மேல் ஈரத் துணி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் சரியாகும். பெட்ரோல் இருந்தும் ஸ்பார்க் இல்லை, ஆறியதும் தானாக வந்துவிடுகிறது என்றால் காயில், அல்லது பாயின்ட்டோடு இணைந்த கண்டென்சர். ஆறும் முன்பே, வண்டி நின்ற இடத்திலேயே ஸ்பார்க்கைப் பார்த்தால்தான் இது பிடிபடும், அதனால் டிக்கியில் ஒரு உபரி பிளக் இருக்கட்டும். ஒர்க்ஷாப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நன்றாக வேலை செய்யும், நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் தள்ளினால்தான் பிடிக்கிறது என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் குறைந்திருக்கலாம். அதற்கும் முதலில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே உள்ள சந்து) பாருங்கள், இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, செலவில்லாத வேலை. அப்புறம் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, மூன்று பிளக்கையும் எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடித்தபடி கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.