மோஸ்லி ஓல்ட் ஹால்: அரசர் ஒளிந்த வீட்டைப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஒரே ஒரு பழைய மாளிகைக்குத்தான் நேரம் என்றால், வுல்வர்ஹாம்ப்டனுக்கு வடக்கே உள்ள மோஸ்லி ஓல்ட் ஹாலுக்குப் போங்கள். 1651 செப்டம்பர் 3 அன்று வூஸ்டர் போரில் நாடாளுமன்றப் படைத் தலைவர் குரோம்வெல்லிடம் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த வீடு இது. அவர் தலைக்கு 1000 பவுண்டு விலை வைத்திருந்தார்கள்.

1. பாஸ்கோபெல்லில் தொடங்குங்கள்

பாஸ்கோபெல், மோஸ்லிக்கு முன்பே அரசர் ஒளிந்த இன்னொரு வீடு. அவர் தப்பிய வரிசையில் போனால் கதை தானாகப் புரியும். செப்டம்பர் 6 அன்று பகல் முழுக்க இங்கே ஓர் ஓக் மரத்தில் ஒளிந்திருந்தார். இப்போது நிற்பது அதன் வழி வந்த மரம். பழையதை நினைவுப்பொருளுக்காக ஒடித்தே அழித்துவிட்டார்கள்.

2. டிக்கெட்

பலர் தடுமாறுவது இங்கேதான். பாஸ்கோபெல் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் வசம், மோஸ்லி நேஷனல் டிரஸ்ட் வசம். இரண்டும் பழைய இடங்களைப் பராமரிப்பவைதான், ஆனால் வேறு வேறு அமைப்புகள். ஒன்றின் உறுப்பினர் அட்டை மற்றதில் செல்லாது. சுற்றுலாவாக வருபவர்களுக்குத் தனி டிக்கெட் போதும். அங்கேயே வசிப்பவர்கள் நேஷனல் டிரஸ்ட் அட்டை வாங்கலாம் என்பது என் கருத்து. பார்க்க இடங்கள் அதிகம். அப்புறம், இரண்டும் திறந்திருக்கும் நாளாகப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

3. வழி

லண்டன் யூஸ்டனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்கு நேரடி ரயில் உண்டு. அதற்குப் பிறகு கார்தான் சரி. மேப்பில் வெறும் 'மோஸ்லி' என்று போட்டால் பர்மிங்காமில் உள்ள மோஸ்லிக்குக் கூட்டிப் போய்விடும். அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள்.

4. உள்ளே

வெளியே தெரியும் செங்கல் 19ஆம் நூற்றாண்டில் போர்த்தியது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே இருப்பது பழைய மரவீடு. அரசர் படுத்த கட்டில் இன்னும் இருக்கிறது. அந்த அறையை ஒட்டிய சிற்றறையின் தரைக்கு அடியில்தான் ஒளிவிடம். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்ட காலத்தில் பாதிரியார்கள் பதுங்கிய பொந்து அது. ஆறடிக்கு மேல் உயரமான சார்லஸ் அதற்குள் மடங்கிக் கிடந்தார். படைவீரர்கள் வந்தபோது வீட்டுக்காரர் தாமஸ் விட்கிரேவ் எல்லா அறைக் கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு, தானே வெளியே போய் அவர்களை எதிர்கொண்டார். வீட்டைச் சோதிக்காமலே திரும்பிவிட்டார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தபடி சற்று நேரம் அங்கே நில்லுங்கள். அன்று அரசரின் புண்பட்ட கால்களைக் கவனித்த பாதிரியார் ஹடில்ஸ்டன்தான், 1685இல் மரணப் படுக்கையில் அவரைக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்தவர்.

பிற்சேர்க்கை: முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அரசரின் அறை மாடியில் இருக்கிறது. படி ஏற முடியாதவர்கள் 1640ஆம் ஆண்டு வடிவமைப்பைப் பின்பற்றிப் போட்ட தோட்டத்தை நிதானமாகப் பார்க்கலாம்.